உலகம் உருண்டை, சரி. உங்களுக்கு எப்படித் தெரியும்?

தமிழ்ப் புத்தாண்டு லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே போனை என் பக்கம் திருப்பினான். யாரோ ஒருவர் ஏரிக்கரையில் நின்று கேமராவை ஜூம் செய்து அக்கரையைக் காட்டுகிறார், "வளைவு எங்கே? எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க மாமா. உருண்டைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சாட்டிலைட் போட்டோ என்றேன். "அது கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு இவர் சொல்றாரே." சரி, கப்பல் கரைக்கு வரும்போது முதலில் கொடிமரம் தெரியும், அப்புறம்தான் உடம்பு தெரியும், பாடப் புத்தகத்திலேயே போட்டிருக்கு என்றேன். "நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. மெரினாவுக்கு நூறு தடவையாவது போயிருப்பேன், சுண்டல் வாங்கியிருக்கிறேன், செருப்பைத் தொலைத்திருக்கிறேன், ஒரு கப்பல் மறைகிற வரைக்கும் நின்று பார்த்ததில்லை. 'உலகம் உருண்டை' என்று நான் மனசாரச் சொன்னதெல்லாம், கடன் வாங்கிவிட்டுக் கண்ணில் படாமல் திரிந்தவரைக் கோயம்பேட்டில் எதிரே பார்த்தபோதுதான்.

தட்டைப் பூமிப் பேச்சு வந்தாலே நாம் கிண்டலில் இறங்கிவிடுகிறோம். ஆனால் புத்தகம் சொன்னதால் உருண்டை என்று நம்புகிற நானும், வீடியோ சொன்னதால் தட்டை என்று நம்புகிறவரும் கையில் வைத்திருப்பது ஒரே சரக்குதான்: யாரோ சொன்னது. என்னுடையது சரியாக இருப்பது என் சாமர்த்தியம் இல்லை. வித்தியாசம் வேறொரு இடத்தில் இருக்கிறது. 'என்ன தெரிந்தால் நான் தவறு என்று ஒத்துக்கொள்வேன்' என்பதை, பார்ப்பதற்கு முன்னாலேயே சொல்ல முடிகிறதா? சோதனை என்பதே அவ்வளவுதான். பூமியை வைத்தே அதைப் பார்க்கலாம்.

கொத்தனாருக்குப் பூமி தட்டைதான்

வீடு கட்டும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்த மூலையிலும் இன்னொரு முனையை அந்த மூலையிலும் பிடித்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் கோடு போடுவார்கள். அதுதான் மட்டம். தட்டைப் பூமிக்காரர்களின் முதல் வாதம் இங்கிருந்துதான் வருகிறது: தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும், கடலும் தண்ணீர்தானே, அது எப்படி வளையும்?

மட்டம் என்றால் என்ன என்பதில்தான் சிக்கல். கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் இருக்கிறது. நூலில் கட்டித் தொங்கவிட்டால் அது கீழே இழுக்கப்படும் திசையைக் காட்டும். அந்த நூலுக்குச் சரியாகக் குறுக்காக இருப்பதுதான் மட்டம். ஒரு வீட்டுக்குள் எங்கே தொங்கவிட்டாலும் நூல்கள் ஒன்றுக்கொன்று இணையாகத்தான் தெரியும். பூமி உருண்டையாக இருந்தால் எல்லாத் தூக்குக்குண்டும் அதன் நடுமையத்தைப் பார்த்துத் தொங்கவேண்டும், அப்போது சென்னையில் தொங்கும் நூலும் கன்னியாகுமரியில் தொங்கும் நூலும் இணையாக இருக்கவே முடியாது. ஊருக்கு ஊர் நூல் சாய்ந்தால் மட்டமும் கூடவே சாயும். கடல் ஒவ்வொரு இடத்திலும் மட்டமாக இருந்துகொண்டே, மொத்தத்தில் வளைந்தும் இருக்கலாம்.

எவ்வளவு வளைவு? பத்து மீட்டர் சுவருக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. எந்த டியூபும் அதைக் காட்டாது. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 8 செ.மீ. இது தூரத்தின் வர்க்கமாகக் கூடும், அதாவது பத்து கிலோமீட்டர் போனால் பத்து மடங்கு அல்ல, நூறு மடங்கு: 8 மீட்டர்.

அந்த ஏரிக்கரை வீடியோக்காரர் சறுக்கியது இங்கேதான். "அக்கரை பத்து கிலோமீட்டர், எட்டு மீட்டர் மறைந்திருக்கணும், மறையலையே" என்கிறார். அந்த எட்டு மீட்டர் கணக்கு, கண்ணைத் தண்ணீரோடு ஒட்டி வைத்துப் பார்ப்பவருக்கு. நின்றுகொண்டு பார்த்தால் கணக்கே வேறு. தரையும் வானமும் தொடுவதுபோல் தெரியும் கோட்டுக்குத் தொடுவானம் என்று பெயர். கண் இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் அது ஏறத்தாழ 5 கி.மீ. தள்ளி இருக்கும். அதுவரை எதுவும் மறையாது. அதற்கு அப்பால் மிச்சமுள்ள 5 கிலோமீட்டருக்கு மட்டும்தான் வளைவு மறைக்கும், அது 2 மீட்டர். எட்டைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதுவரை சொன்னது: சின்ன இடத்தில் தட்டையும் உருண்டையும் ஒன்றுபோலவே தெரியும், நம் கண் அதில் பொய் சொல்லவில்லை. இரண்டும் பிரிய வேண்டுமென்றால் தூரம் வேண்டும்.

ஒரு குச்சி, ஒரு நிழல்

சரியா தவறா என்று பார்ப்பதற்காகத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் ஊகத்துக்குக் கருதுகோள் என்று பெயர். நம்மிடம் இரண்டு இருக்கின்றன: உருண்டை, தட்டை. இரண்டையும் ஒரே மரியாதையோடு நடத்துவோம்.

எரடோஸ்தனிஸ் கதை பலருக்குத் தெரியும். கி.மு. 3ஆம் நூற்றாண்டு, எகிப்தின் அலெக்ஸாண்டிரியா நூலகத்தின் தலைவர். தெற்கே சையீனில், அதாவது இன்றைய அஸ்வானில், ஆண்டின் மிக நீண்ட பகல் அன்று உச்சிவேளையில் நிழலே விழாது. அதே நேரம் அலெக்ஸாண்டிரியாவில் நிழல் விழுகிறது, ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கோணத்துக்கு. இரண்டு ஊருக்கும் 5,000 ஸ்டேடியா தூரம் என்றால் பூமியின் சுற்றளவு அதைப்போல் ஐம்பது மடங்கு, 2,50,000 ஸ்டேடியா. ஸ்டேடியா என்பது நம் அளவில் சரியாக எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை, அதனால் 'அப்பவே அச்சு அசலாகக் கண்டுபிடிச்சுட்டார்' என்கிற பெருமையை ஓரமாக வைத்துவிடலாம்.

இதற்கு எகிப்து வரை போகத் தேவையில்லை. ஏப்ரல் 24ஆம் தேதி வாக்கில் சென்னையில் நிழலில்லா நாள், சூரியன் நேர் உச்சிக்கு வரும். கன்னியாகுமரி சென்னையைவிடச் சரியாக 5 டிகிரி தெற்கே இருக்கிறது. வடக்கு தெற்காக மட்டும் கணக்கெடுத்தால் 555 கி.மீ. (பஸ் போகும் தூரம் இல்லை, அது வளைந்து நெளிந்து 700 வரும்.) சென்னையில் குச்சிக்கு நிழல் இல்லாத அன்று, கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் குச்சிக்கு உச்சிவேளையில் சுமார் 8.7 செ.மீ. நிழல் விழ வேண்டும். அது 5 டிகிரி. வட்டத்துக்கு 360 டிகிரி, 5 போல் 72 மடங்கு. 72-ஐ 555-ஆல் பெருக்கினால் 39,960 கி.மீ. பூமியின் சுற்றளவு 40,000 சொச்சம். ஆச்சா, உருண்டை என்று நிரூபித்துவிட்டோமா?

இல்லை. இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுகின்றன.

அதே நிழல் தட்டைப் பூமியிலும் விழும்

ராத்திரி தெருவிளக்குக்கு நேர் கீழே நின்றால் உங்கள் நிழல் காலடியில் கிடக்கும். நாலடி தள்ளிப் போனால் நீளும், இன்னும் போனால் இன்னும் நீளும். தெரு வளைந்திருப்பதாலா? விளக்கு பக்கத்தில் இருப்பதால்.

நிழல் வேறுபடுவதற்கு இப்படி இரண்டு காரணம் இருக்கலாம். சூரியன் வெகுதூரத்தில் இருந்து, வெளிச்சம் இணையாக வந்து, தரை வளைந்திருக்கலாம். அல்லது தரை தட்டையாக இருந்து, சூரியன் தெருவிளக்கு மாதிரிப் பக்கத்தில் இருக்கலாம். சென்னை–கன்னியாகுமரி நிழலைத் தட்டைப் பூமிக் கணக்கில் போட்டால், சூரியன் சுமார் 6,340 கி.மீ. உயரத்தில் தொங்குவதாக விடை வரும். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. எரடோஸ்தனிஸ் சுற்றளவை அளந்தது, உருண்டை என்று முன்பே எடுத்துக்கொண்டுதான். அவர் சோதித்தது அளவை, வடிவத்தை அல்ல.

பழைய சீன வானியலார் சிலர் உண்மையிலேயே தட்டை வழியில்தான் கணக்குப் போட்டார்கள். 8 அடிக் குச்சி நட்டு, வடக்கு தெற்காக ஆயிரம் லீ தூரத்துக்கு நிழல் ஓர் அங்குலம் மாறும் என்று வைத்துக்கொண்டு (அடி, அங்குலம், லீ எல்லாம் அவர்கள் அளவுகள்), சூரியன் 80,000 லீ உயரத்தில் இருக்கிறது என்றார்கள். அங்கேயும் நிழல், இங்கேயும் நிழல். வேறுபட்டது ஆரம்ப ஊகம்.

சரி, எப்படிப் பிரிப்பது? இரண்டு குச்சி போதாது, மூன்றாவது குச்சி வேண்டும், அதுவும் வெகுதூரத்தில். நம் ஆட்களில் யாராவது ஒருவர் லண்டனில் இல்லாத குடும்பம் உண்டா? லண்டன் சென்னையைவிடச் சுமார் 38.4 டிகிரி வடக்கே, தூரம் ஏறத்தாழ 4,260 கி.மீ. வடக்கு தெற்குத் தூரத்தைத் தட்டைப் பூமி வரைபடமும் மாற்றுவதில்லை, வடதுருவத்தை நடுவில் வைத்து வெளியே விரித்த வட்டம்தான் அது, அதனால் இந்த எண்ணில் சண்டை வராது.

ஏப்ரல் 24 அன்று லண்டன் உச்சிவேளையில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் எவ்வளவு? சூரியன் 6,340 கி.மீ. உயரத் தெருவிளக்கு என்றால் 67 செ.மீ. பூமி உருண்டை, சூரியன் வெகுதூரம் என்றால் 79 செ.மீ. இடையில் 12 செ.மீ. பள்ளிக்கூட ஸ்கேலே போதும்.

அளப்பதற்கு முன்னால் எழுதிவைக்கும் இந்த மாதிரி எண்ணுக்கு முன்கணிப்பு என்று பெயர். 67 வந்தால் நான் தலைகுனிய வேண்டும், 79 வந்தால் அவர்கள். இரண்டு கருதுகோளும் ஒரே எண்ணைச் சொல்லும் இடத்தில் எத்தனை தடவை அளந்தாலும் பிரயோஜனம் இல்லை, அவை பிரியும் இடத்தில்தான் அளக்க வேண்டும். டில்லி கூடப் பக்கம்தான், அங்கே வித்தியாசம் வெறும் ஆறு மில்லிமீட்டர், நிழலின் மங்கலான ஓரத்திலேயே அது கரைந்துவிடும்.

சீனாவிலும் கடைசியில் நடந்தது இதுதான். 724 வாக்கில் யி சிங் என்ற புத்தத் துறவி முன்னின்று, தெற்கே இந்தோசீனப் பக்கத்திலிருந்து வடக்கே வெகுதூரம் வரை பல ஊர்களில் குச்சி நட்டு அளக்கச் செய்தார். ஆயிரம் லீக்கு ஓர் அங்குலம் என்ற பழைய விகிதம் எங்கும் ஒரே சீராக இல்லை என்று தெரிந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது குச்சிகள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதற்குக் குச்சிகூட வேண்டாம். அவர்கள் வரைபடப்படி மாலை ஆறு மணிச் சூரியன் நம்மிடமிருந்து சுமார் 12,000 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். 6,340 கி.மீ. உயரத்தில் இருப்பது அவ்வளவு தள்ளிப் போனாலும், தொடுவானத்துக்கு மேலே முப்பது டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் தென்னை மரத்து உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும், கடலைத் தொடவே தொடாது. அளவும் மதியம் இருந்ததில் பாதிக்கும் கீழே சுருங்கியிருக்க வேண்டும். 2019 டிசம்பர் வளைய கிரகணத்துக்கு வாங்கினது மாதிரிச் சூரிய வடிகட்டிக் கண்ணாடி, கீறல் விழாததாக இருந்தால், மதியமும் மாலையும் பார்த்து ஒப்பிடலாம். கண்ணாடி இல்லாமல் பார்க்காதீர்கள், பூமி எந்த வடிவத்தில் இருந்தாலும் கண் போய்விடும்.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: ஓர் ஆதாரம் என் கட்சிக்குப் பொருந்துகிறது என்பது போதாது, எதிர்க்கட்சிக்குப் பொருந்தாமலும் இருக்க வேண்டும்.

ஆறு மைல் கால்வாய், ஐந்நூறு பவுண்டு

இன்றைய தட்டைப் பூமி இயக்கத்தின் வேர் ஏதோ கற்காலத்தில் இல்லை, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. சாமுவேல் ரோபோத்தம் என்பவர் 1838இல் கிழக்கு இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு லெவல் என்ற இடத்தில், ஆறு மைலுக்கு நேர்கோடாக ஓடும் கால்வாயில் இறங்கி, கண்ணைத் தண்ணீருக்கு 8 அங்குலம் மேலே வைத்து, கொடி கட்டிய படகு ஒன்று விலகிப் போவதைப் பார்த்தார். பூமி உருண்டையாக இருந்தால் கடைசியில் அந்தக் கொடி அவர் பார்வைக்குப் பத்தடிக்கும் கீழே போய் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, கடைசிவரை தெரிந்தது என்றார். 'பேரலாக்ஸ்' என்ற புனைபெயரில் எழுதினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார், கூட்டமும் சேர்ந்தது.

அவர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. வெயில் கொளுத்தும்போது தார்ரோட்டில் தண்ணீர் தேங்கினாற்போல் கானல்நீர் தெரிகிறதே, ஏன்? ரோட்டை ஒட்டிய காற்று சூடு, மேலே உள்ளது கொஞ்சம் குளிர்ச்சி, இரண்டுக்கும் அடர்த்தி வேறு, அதனால் வெளிச்சம் மேல்நோக்கி வளைந்து வானத்தை ரோட்டில் காட்டுகிறது. வெளிச்சம் இப்படி வளைவதற்கு ஒளிவிலகல் என்று பெயர். குளிர்ந்த தண்ணீருக்கு மேலே இது தலைகீழாக நடக்கும்: கீழே குளிர், மேலே சூடு, வெளிச்சம் கீழ்நோக்கி வளையும், அதாவது பூமியின் வளைவைத் தொற்றிக்கொண்டே வரும். மறைந்திருக்க வேண்டிய படகு கண்ணுக்குத் தெரியும். தண்ணீரை ஒட்டி எட்டே அங்குலத்தில் கண்ணை வைத்தது, இந்தக் கோளாறு அதிகமாக இருக்கக்கூடிய இடத்தைத் தேடிப்போய் உட்கார்ந்த மாதிரி.

ரோபோத்தம் 'வெளிச்சம் நேராக வரும்' என்று தன்னையறியாமல் எடுத்துக்கொண்டுவிட்டார். எந்தச் சோதனைக்கும் அடியில் இப்படிச் சொல்லாமல் ஒளிந்திருக்கும் ஊகங்கள் உண்டு, அவற்றைத் துணை ஊகங்கள் எனலாம். விடை எதிர்பாராமல் வந்தால் முதலில் தோண்ட வேண்டியது அங்கேதான்.

1870இல் ஜான் ஹாம்ப்டன் என்ற தட்டைப் பூமிக்காரர், வளைவைக் காட்டுகிறவருக்கு 500 பவுண்டு பந்தயம் என்று அறிவித்தார். எடுத்துக்கொண்டவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், டார்வினோடு சேர்ந்து இயற்கைத் தேர்வுக் கொள்கையை முன்வைத்த அதே வாலஸ். இளம் வயதில் நில அளவை வேலை பார்த்தவர், அதனால் ரோபோத்தமின் சறுக்கல் எங்கே என்று அவருக்குத் தெரியும். அதே கால்வாய், அதே ஆறு மைல். ஆனால் பார்வைக்கோட்டைத் தண்ணீருக்கு 13 அடிக்கும் மேலே தூக்கிவிட்டார். ஒரு பாலத்தில் தொலைநோக்கி, மறு பாலத்தில் அதே உயரத்தில் கறுப்புப் பட்டை, சரியாக நடுவில் ஒரு கம்பம், அதிலும் அதே உயரத்தில் ஒரு வட்டத் தகடு. தட்டை என்றால் மூன்றும் ஒரே கோட்டில். உருண்டை என்றால் நடுவில் இருப்பது துருத்திக்கொண்டு மேலே தெரியும். ஐந்தடிக்கும் கூடுதலாக மேலே தெரிந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம், பிடித்த என்றால் தலையில் அடித்துக்கொள்ளும் வகையில். ஹாம்ப்டன் தரப்பு நடுவர் அதே தொலைநோக்கியில் அதே காட்சியைப் பார்த்துவிட்டு, இது தட்டை என்பதற்கான ஆதாரம் என்றார். ஹாம்ப்டன் தொலைநோக்கியில் கண்ணையே வைக்கவில்லை, தன் நடுவர் சொன்னால் போதும் என்றுவிட்டார். பொது நடுவராக இருந்த பத்திரிகை ஆசிரியர் வாலஸுக்குத் தீர்ப்பளித்தார். ஹாம்ப்டன் பல வருடம் அவதூறுக் கடிதம் எழுதினார், வாலஸின் மனைவிக்குக்கூட எழுதினார், ஜெயிலுக்கும் போனார். பந்தயப் பணம் சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால் வாலஸ் அந்த 500 பவுண்டையும் திருப்பித் தர வேண்டியதாயிற்று. சோதனை கச்சிதம். எதிரே இருந்தவர் சோதனைக்கு வரவே இல்லை.

பரங்கிமலையில் இழுத்த சங்கிலி

யாரையும் நம்பவைக்கும் நோக்கம் இல்லாமல், வேலை நடக்க வேண்டுமே என்று பூமியின் வளைவை அளந்தவர்கள் நில அளவைக்காரர்கள். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளக் கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்று அதற்கு நிழல் கட்டி, வெப்பமானி வைத்து அளந்தார்கள். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கோத்துக்கொண்டே போனதுதான் பிறகு இந்தியா முழுக்க விரிந்த பெரும் அளவை. அரை டன் எடையுள்ள தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் கருவி, 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்தார்.

முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்த்து 180 டிகிரி, ஏழாம் வகுப்பு. அது தாளில். ஒரு சாத்துக்குடியை எடுத்துக் காம்பிலிருந்து நடுவயிறு வரை நேராகக் கோடு போடுங்கள், அங்கே திரும்பி வயிற்றோடு கால் சுற்று, மறுபடி திரும்பிக் காம்புக்கே போய்விடுங்கள். மூன்று மூலையும் 90 டிகிரி, மொத்தம் 270. வளைந்த பரப்பில் முக்கோணம் 180-ஐத் தாண்டும், எவ்வளவு பெரிய முக்கோணமோ அவ்வளவு கூடும்.

பூமியில் அந்தக் கூடுதல் ரொம்பச் சின்னது. 200 சதுர கிலோமீட்டர் முக்கோணத்துக்கு, ஒரு டிகிரியை 3,600 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. மலைக்கு மலை பார்த்து அளக்கும் பெரிய முக்கோணங்களில் அது கருவிக்குப் பிடிபடும், கழிக்காமல் விட்டால் கணக்கு ஒட்டாது. அளவைக்காரர்களுக்கு இது விவாதமே இல்லை, தினசரிக் கழித்தல்.

முடிவு பிடிக்காதபோது

2018இல் வந்த ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில், தட்டைப் பூமி நம்பிக்கை உள்ளவர்களே சுமார் 20,000 டாலருக்கு ஜைரோஸ்கோப் வாங்கியதைக் காட்டினார்கள். தான் இருக்கும் இடம் சுழன்றால் காட்டிக்கொடுக்கும் கருவி அது. பூமி ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 15 டிகிரி காட்ட வேண்டும், பூமி அசையாது என்பதால் ஒன்றும் காட்டாது என்பது அவர்கள் முன்கணிப்பு. இதுவரைக்கும் நான் எழுந்து நின்று கைதட்டுவேன், அத்தனை அழகான சோதனை. கருவி 15 டிகிரி காட்டியது. உடனே, அது வானத்திலிருந்து வரும் ஏதோ ஆற்றலாக இருக்கும், அதைத் தடுத்துவிட்டு மறுபடி பார்ப்போம் என்று போய்விட்டார்கள்.

வானத்து ஆற்றல் என்பதும் ஒரு துணை ஊகம்தானே, வாலஸும் ஒளிவிலகல் என்று ஒன்றைச் சொன்னாரே, இரண்டும் ஒன்றுதானே என்று என் மருமகன் மடக்கினான். நல்ல கேள்வி. ஒளிவிலகல் இந்தச் சண்டைக்காகப் பிறந்தது இல்லை, சொம்புத் தண்ணீரில் போட்ட காசு மேலே தெரிவதிலும் கானல்நீரிலும் தனியாகப் பார்க்கலாம், பார்வைக்கோட்டை எவ்வளவு உயர்த்தினால் அது எவ்வளவு குறையும் என்று முன்னாலேயே சொல்லலாம். வானத்து ஆற்றலுக்கு அந்த ஒரு கருவியின் முள்ளைத் தவிர வேறு வேலை இல்லை.

எல்லாரும் அப்படி இல்லை. தட்டை வரைபடத்தில் அண்டார்டிகா விளிம்பைச் சுற்றி நிற்கும் பனிச்சுவர், அங்கே 24 மணி நேரமும் சூரியன் தெரிய வழியே கிடையாது. 2024 டிசம்பரில் இரண்டு கட்சி ஆட்களும் அண்டார்டிகாவின் யூனியன் பனியாற்றுக்குப் போனார்கள். சூரியன் மறையாமல் சுற்றி வந்தது. தட்டைப் பூமி வீடியோக்களால் பிரபலமான ஒருவர் அங்கேயே கேமரா முன், இந்த விஷயத்தில் நான் தவறு என்றார். வீட்டில் உட்கார்ந்திருந்த சிலர் அது ஏமாற்று வேலை என்றார்கள். முதலாமவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நம் கட்சியிலும் ஓட்டை உண்டு

கொலம்பஸ் காலத்தில் எல்லாரும் பூமி தட்டை என்று நம்பினார்கள், அவர்தான் உருண்டை என்று காட்டினார். நானும் அப்படித்தான் படித்தேன். தவறு. படித்தவர்களுக்கு உருண்டை என்பது அதற்குச் சுமார் ஆயிரத்தெண்ணூறு வருடம் முன்பே தெரியும், சந்திர கிரகணத்தின்போது பூமியின் நிழல் வளைவாக விழுவதை அரிஸ்டாட்டிலே சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கம் 499இல் ஆரியபட்டர் பூமியைக் கடம்பப் பூ உருண்டைக்கு ஒப்பிட்டிருக்கிறார். கொலம்பஸிடம் நிபுணர்கள் போட்ட சண்டை அளவைப் பற்றியது. அவர் பூமியைச் சின்னதாக எடுத்துக்கொண்டு, ஜப்பான் உண்மையில் இருக்கும் தூரத்தில் ஏறத்தாழ கால்பங்கிலேயே வந்துவிடும் என்றார். நிபுணர்கள் சொன்னதுதான் சரி, நடுவில் அமெரிக்கா இருந்ததால் அவர் பிழைத்தார். தட்டைக் கதையை ஊரெல்லாம் பரப்பியது 1828இல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் எழுதிய வாழ்க்கை வரலாறு. தட்டைப் பூமிக்காரர்களைக் கிண்டலடிக்கும் பலரும் இதைத்தான் இன்றும் ஃபார்வர்டு செய்கிறார்கள்.

உருண்டை என்பதும் முழுச் சரியில்லை. நடுக்கோட்டில் மையத்திலிருந்து 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. வயிறு சற்றுப் பருத்த உருண்டை.

மாடியில் நாங்கள் செய்தது

ஏப்ரல் 24, மொட்டை மாடி, ஒரு மீட்டர் பி.வி.சி. பைப் துண்டு. நட்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு நேராக நிறுத்தினோம். பன்னிரண்டு அடித்து ஏழு நிமிஷம் வாக்கில் பைப்பின் நிழல் பைப்புக்குள்ளேயே போய்விட்டது. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். கன்னியாகுமரியில் இருக்கும் நண்பர், அங்கே உச்சிவேளை பதினொரு நிமிஷம் கழித்து வரும் என்பதால், 12.18க்கு அளந்து போட்டோ அனுப்பினார்: 9 செ.மீ. கணக்குப் போட்டால் சுற்றளவு முப்பத்தொன்பதாயிரத்துக்குச் சற்றுக் கீழே. மூன்று சதவீதம் பிசகு. சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலத் தட்டு, அதனால் நிழலின் ஓரம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டருக்கு மங்கலாகவே இருக்கும், அதற்குள் எங்கே கோடு போடுவது என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது.

மூன்றாவது குச்சி லண்டனில் என் சித்தப்பா மகனிடம். அங்கே கோடைக்கால நேரப்படி ஒரு மணிக்கு உச்சிவேளை, நமக்குச் சாயங்காலம் ஐந்தரை. மருமகன் நாலு மணியிலிருந்தே போனைப் பார்த்துக்கொண்டு இருந்தான். ஐந்தே முக்காலுக்கு ஒரு போட்டோ வந்தது. தோட்டம், ஈரப் புல், நடுவில் துடைப்பக் கட்டை, மேலே சாம்பல் நிற வானம். "அண்ணா, இங்க நிழலே இல்ல. சூரியனும் இல்ல."

ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் மறுபடி சென்னை உச்சிக்கு வரும், லண்டனுக்கும் அதே கணக்குதான். மாடிப்படிச் சுவரில் மருமகன் பென்சிலால் 67 என்றும் 79 என்றும் எழுதி வைத்திருக்கிறான். வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த ஒரு சதுர அடியை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.